கல்லூரி வளாகப் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்: எதில் போடச் சொல்லலாம்?

கொங்குப்பேராசிரியை

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் இருக்கிறேன். 2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு மற்ற கல்லூரிகளைப் போல எங்களிடமும் கூட்டம் போட்டார்கள், சுற்றறிக்கை விட்டார்கள். இப்போது நிர்வாகம் ஒரு தொகையை ஒதுக்கி, என்ன வாங்கலாம் என்று குழுவிடம் கருத்து கேட்டிருக்கிறது.

போன வாரம் ஒரு நிறுவனத்தார் வந்து முகமறியும் கேமராவை இயக்கிக் காட்டினார்கள். நடந்து போகிற ஒவ்வொருவர் முகத்தைச் சுற்றியும் பச்சைக் கட்டம் விழுகிறது. பக்கத்திலேயே பெயர், துறை, எந்த ஆண்டு என்று வந்துவிடுகிறது. பார்த்த பலருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது. திரையில் பெயரோடு வந்ததெல்லாம் எங்கள் மாணவிகளும் மாணவர்களும்தான். கிண்டியில் குற்றம் செய்தவன் அங்கே படித்தவன் இல்லை, வேலை பார்த்தவனும் இல்லை. வெளியே பிரியாணிக் கடை வைத்திருந்தவன். அப்படிப்பட்டவன் உள்ளே வந்தால் இந்தக் கேமரா என்ன செய்யும் என்று கேட்டேன். "அறியாத நபர்" என்று காட்டும் என்றார்கள். எங்கள் வளாகத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை கூரியர் பையன்கள், பெற்றோர்கள், கட்டட வேலையாட்கள் வருகிறார்கள்! அத்தனை பேரும் அறியாத நபர்கள்தானே.

இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்தப் பணம் வீணாகப் போகக் கூடாது.

கேமராக்காரர்_ஈரோடு

மேடம், நான் கேமரா மாட்டிப் பராமரிக்கிறவன். கல்லூரி, மில், திருமண மண்டபம் எல்லாம் செய்கிறேன். ஒரு கணக்கு சொல்கிறேன், அந்த நிறுவனத்தாரிடம் இதையே கேளுங்கள்.

2 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 1920 புள்ளி அகலம். முன்பின் தெரியாத ஒருவனைப் படத்தில் பார்த்து "இவன்தான்" என்று உறுதியாகச் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும். இது கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஇசி 62676இன் 2014 பதிப்பில் இருக்கிற அளவு. 1920ஐ 250ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழரை மீட்டர்தான் வரும். ஏற்கெனவே பழகிய முகம் என்றால் 125 புள்ளி போதும். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ள 25 போதும்.

இப்போது உங்கள் மைதானத்து மூலையில் கம்பத்து உச்சியில் ஒரு கேமரா இருக்கும், பாருங்கள். அது அறுபது மீட்டர் அகலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மீட்டருக்கு 32 புள்ளிதான் கிடைக்கும். யாரோ போனார்கள் என்று தெரியும், யார் என்று தெரியவே தெரியாது. பெரும்பாலான கல்லூரிகளில் இப்படித்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள். "மொத்த கிரவுண்டும் கவர் ஆகணும்" என்றுதான் எங்களிடம் கேட்கிறார்கள். முகம் வேண்டும் என்றால் வழி குறுகுகிற இடத்தில் மாட்ட வேண்டும். கேட், மாடிப்படி, சுவர் இடிந்து கிடக்கிற சந்து, பைக் ஸ்டாண்டு வாசல். அதுவும் முகத்துக்கு நேராக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. கம்பத்து உச்சியிலிருந்து பார்த்தால் தலைமுடியும் தொப்பியும்தான் தெரியும்.

அப்புறம் இரவு. கேமராவிலேயே இருக்கிற ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கின் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் வலை கட்டிவிட்டால் அந்த வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். பகலில் திரையைப் பார்க்கிறவருக்குக் கேமரா நன்றாக வேலை செய்கிற மாதிரியே தெரியும். மாதம் ஒரு தடவை ஏணி போட்டு ஏறித் துடைக்க ஆள் வேண்டும். நான் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதை எழுதித்தான் கொடுப்பேன், ஆனால் நிறைய இடங்களில் இரண்டாம் ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவே மாட்டார்கள்.

மூன்றாமாண்டு_விடுதி

மேம், நான் வேறு ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் இருக்கிறேன். எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்லணும்.

எங்கள் பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்குள் விரல்ரேகை வைக்கணும். தவறினால் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போய்விடும். உள்ளே நுழைகிற வாசலில் கேமரா, சாப்பாட்டுக் கூடத்தில் கேமரா, ஒவ்வொரு மாடி வராண்டாவிலும் கேமரா. ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு வருகிற வழியில், கேன்டீனுக்குப் பின்னால், ஒரு தெருவிளக்கு எரிவதே இல்லை. அங்கே கேமராவும் இல்லை. அந்த இடத்தில்தான் சுவரில் உட்கார்ந்துகொண்டு வெளியாட்கள் கமென்ட் அடிப்பார்கள். விளக்குக்காக வார்டன் வைத்திருக்கிற புகார் நோட்டில் நாங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

சுவரில் "அவசர உதவிக்கு" என்று பெரிய பலகை இருக்கிறது. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தால் நிர்வாக அலுவலகத்து லேண்ட்லைன். ஐந்து மணிக்கு மேல் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் கிடையாது.

எங்களைப் பார்க்க இவ்வளவு கருவி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆபத்து வருகிற இடத்தைப் பார்க்க ஒன்றும் இல்லை. நீங்கள் கருத்து எழுதிக் கொடுக்கும்போது முதலில் விளக்கைக் கேளுங்கள் மேம்.

தர்மபுரி_அப்பா

பாப்பா எழுதியதைப் படித்தேன். விளக்கு எரியாதது பெரிய தப்புதான். ஆனால் எஸ்எம்எஸ் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மகள் சென்னையில் படிக்கிறாள். அந்தக் கிண்டி சம்பவம் செய்தியில் ஓடிய நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவள் விடுதிக்குள் போய்விட்டாள் என்று ஒரு செய்தி வந்தால்தான் என் மனைவி சாப்பிட உட்காருவாள். கிராமத்திலிருந்து பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது? முகமறியும் கேமரா வந்தாலும் நல்லதுதானே, செலவு ஆனாலும் பரவாயில்லை.

மூன்றாமாண்டு_விடுதி

அங்கிள், உங்கள் பயம் புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஆறரைக்கு ரேகை வைக்காவிட்டால் வீட்டுக்குச் செய்தி போகும் என்பதால்தான், ஆய்வகத்தில் தாமதமாகிற நாளில் நாங்கள் ஆள் நடமாட்டமுள்ள பெரிய சாலையை விட்டுவிட்டு அந்த இருட்டுக் குறுக்கு வழியில் ஓடுகிறோம். இன்னொன்று, அங்கே ஏதாவது நடந்தால் "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்" என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்குப் பயந்தே பலர் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆண்கள் விடுதியில் இந்த ரேகையும் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை.

வழக்காடி_மதுரை

அந்த மாணவி சொன்ன கடைசி வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். கிண்டி வழக்கு தண்டனையில் முடிந்ததற்கு முதல் காரணம், அந்தப் பெண் மறுநாளே புகார் கொடுத்தது. அவளைப் படம் எடுத்து மிரட்டியவன், அவள் பயந்து பேசாமல் இருப்பாள் என்றுதான் நம்பினான். புகார் வந்த பிறகுதான் கேமராப் பதிவு, கைபேசி, தடயவியல் எல்லாமே வேலைக்கு வந்தன.

அந்த வழக்கில் தொழில்நுட்பம் எங்கே உண்மையாகவே உதவியது என்றால், கைபேசியில். சம்பவத்தின்போது அவன் போனில் யாரையோ "சார்" என்று அழைத்துப் பேசினான் என்பது மாநிலம் முழுக்கப் பெரிய கேள்வியாக ஓடியது. அந்த நேரத்தில் அவன் கைபேசி ஃப்ளைட் மோடில் இருந்தது, எந்த அழைப்பும் போகவில்லை, பெண்ணை மிரட்டுவதற்காகப் பேசுவதுபோல் நடித்தான் என்று அரசுத் தரப்பு கைபேசிப் பதிவுகளை வைத்து நிறுவியது. சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 மே 28 அன்று 11 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று அறிவித்து, ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை கொடுத்தது. குறைந்தது 30 ஆண்டுகள், தண்டனைக் குறைப்பு இல்லாமல். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. நம் நீதிமன்றங்களில் இது அரிது.

அதே வழக்கில் தொழில்நுட்பம் அந்தப் பெண்ணுக்குச் செய்த கேட்டையும் மறக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கை அவளுடைய விவரங்களோடு இணையத்தில் வெளியே வந்துவிட்டது. பழைய குற்றச் சட்டமான ஐபிசியிலிருந்து புதிய பிஎன்எஸ்ஸுக்கு மாறியபோது, மறைத்து வைக்க வேண்டிய அறிக்கைகள் தொழில்நுட்பக் கோளாறால் மறைபடாமல் போனதாகத் தேசியத் தகவலியல் மையம் விளக்கம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. தைரியமாக வந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயர் ஊர் முழுக்கப் பரவினால், அடுத்து ஒரு பெண் எப்படி வருவாள்? உங்கள் கல்லூரியில் எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்தக் கேள்வியை அதற்கும் கேளுங்கள்.

நெறியாளர்

ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுத வேண்டாம். படித்த துறை, ஊர், நண்பரைப் பற்றிய குறிப்பு எதுவானாலும் சரி. பிஎன்எஸ் 72ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். ஒரு பின்னூட்டத்தை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

அட்லாண்டா_தமிழன்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே நாற்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். வளாகத்தில் அதற்கு முன் நடந்த குற்றங்களை நிர்வாகம் சொல்லியிருந்தால் மகளை அங்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று பெற்றோர் போராடினார்கள். 1990இல் சட்டம் வந்தது. இப்போது கிளெரி சட்டம் என்பார்கள். அதன்படி வளாகக் காவல் பிரிவு உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தினசரிக் குற்றப் பதிவேடு வைக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு வெளியிட வேண்டும். தர்மபுரி ஐயா, பெற்றோருக்குப் பிடிமானம் என்றீர்களே, எனக்குத் தெரிந்து இதுதான் பிடிமானம். பிள்ளை எத்தனை மணிக்கு ரேகை வைத்தாள் என்பதைவிட, அந்த வளாகத்தில் போன ஆண்டு என்னென்ன நடந்தது, நிர்வாகம் என்ன செய்தது என்று தெரிவது பெரிது.

இன்னொரு பாடம் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். 2007 ஏப்ரல் 16, காலை ஏழேகாலுக்கு விடுதியில் முதல் துப்பாக்கிச் சூடு. மாணவர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் போனது 9:26க்கு. கொஞ்ச நேரத்தில் அதே ஆள் வகுப்பறைக் கட்டடத்தில் மறுபடி சுட ஆரம்பித்தான். மொத்தம் 32 பேரைக் கொன்றான். மின்னஞ்சல் அனுப்பக் கருவி இல்லாமல் இல்லை. எந்தச் செய்தியை, யார், எப்போது அனுப்புவது என்று முடிவெடுக்கவே இரண்டு மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் குறுஞ்செய்தி எச்சரிக்கை எல்லா வளாகத்திலும் வந்தது, உடனே எச்சரிப்பது சட்டக் கடமையும் ஆனது.

முகமறிதல் பற்றி: கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் இதைக் கொண்டுவரத் திட்டமிட்டு, எதிர்ப்பால் 2020இல் கைவிட்டது. ஓர் உரிமை அமைப்பு அங்கிருந்த விளையாட்டு வீரர்கள், ஆசிரியர்கள் 400 பேரின் படங்களை அமேசான் ரெகக்னிஷன் மென்பொருளில் போட்டுக் குற்றவாளிகள் படத் தொகுப்போடு ஒப்பிட்டது. 58 பேரைத் தவறாகக் குற்றவாளி முகத்தோடு பொருத்தியது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லாதவர்கள். உங்கள் வாசலில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் முறை ஆள் கடக்கிறார்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று தவறினாலே தினம் நூறு பொய் எச்சரிக்கை. ஒரு வாரத்தில் காவலர் அந்த ஒலியை அணைத்துவிடுவார்.

முன்னாள்_ஹவில்தார்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, கல்லூரிக் காவல் பணியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கடைசி வரி நூற்றுக்கு நூறு உண்மை.

அம்மா, கருவி வாங்குவதற்கு முன்னால் உங்கள் காவலர்களைக் கேளுங்கள். ஏஜென்சி மூலம் வருகிறவர்கள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் நாற்பது கட்டம் ஓடுகிற திரை முன்னால் உட்கார்ந்திருப்பார், அவரே கேட் சாவியும் கொடுக்க வேண்டும், பார்சலும் வாங்கி வைக்க வேண்டும். மனிதக் கண் எத்தனை நேரம் அந்தத் திரையைப் பார்க்கும்?

எங்கள் இடத்தில் இரவு ரோந்துக்கு ஒரு ஏற்பாடு செய்தோம். வளாகத்தில் ஒதுக்குப்புறமான இடங்களில் சின்ன வில்லை பதித்திருக்கிறோம். காவலர் போய்த் தன் கையில் உள்ள கருவியால் தொட்டால் நேரம் பதிவாகும். பெரிய செலவு இல்லை. முதலில் ஆட்கள் முணுமுணுத்தார்கள், "எங்களை நம்பவில்லையா" என்று. ரோந்து வழியை அவர்களையே போடச் சொன்னேன், அப்புறம் சரியாகிவிட்டது. அவர்களுக்குத்தான் தெரியும், எந்தச் சுவரில் கால் வைத்து ஏறின தடம் இருக்கிறது, எந்தக் கட்டடத்தின் பின்பக்கம் பீர் பாட்டில் கிடக்கிறது என்று.

அவசரப் பொத்தான் வாங்கச் சொல்வார்கள். வாங்கலாம். ஆனால் அமுக்கினால் யார் கிளம்புவது, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவது, அவரிடம் டார்ச்சும் வாக்கிடாக்கியும் இருக்கிறதா? மாதம் ஒரு நாள் சொல்லாமல் அமுக்கிப் பாருங்கள், கடிகாரத்தைப் பிடித்து. அப்படிச் சோதிக்காத பொத்தானை நம்பி ஒரு பெண் ஓடி வந்தால் அது பெரிய பாவம்.

காசி_ஆய்வாளர்

வாரணாசியில் ஆய்வு செய்கிறேன். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 2017 செப்டம்பரில், வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவியிடம் பைக்கில் வந்தவர்கள் அத்துமீறினார்கள். பக்கத்தில் இருந்த காவலர் அசையவில்லை என்பதுதான் மாணவிகளின் கோபம். அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டது விளக்கு, கேமரா, பொறுப்பான காவலர். கிடைத்தது தடியடி.

2023 நவம்பரில் அதே பெரிய வளாகத்துக்குள் இருக்கிற ஐஐடி மாணவி மீது நள்ளிரவில் கூட்டு வன்கொடுமை. மூன்று பேரைக் கேமராப் பதிவுகளைக் கோத்துக் கோத்துத்தான் அடையாளம் கண்டார்கள், ஆனால் கைது டிசம்பர் கடைசியில்தான். அந்த இரண்டு மாதமும் மாணவிகள் அதே சாலையில்தான் நடந்தார்கள். பதிவு இருந்தால் மட்டும் போதாது, அதை யார் எவ்வளவு வேகமாகக் கையில் எடுக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. அப்போது இரண்டு வளாகங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பும் பேச்சும் எழுந்து, அதற்கும் எதிர்ப்பு வந்தது.

இந்த இழையில் ஒன்றைச் சேர்க்கிறேன். சேஃப்டிபின் என்ற செயலி 2013இலிருந்து இருக்கிறது. நடந்துபோய் ஒரு இடத்தை ஒன்பது விஷயங்களில் மதிப்பிடச் சொல்லும்: வெளிச்சம், திறந்த வெளியா, மற்றவர் கண்ணில் படுமா, ஆட்கள் இருக்கிறார்களா, காவல், நடைபாதை, பேருந்து வசதி, பெண்கள் நடமாடுகிறார்களா, கடைசியாக அங்கே நிற்கும்போது மனதுக்கு எப்படி இருக்கிறது என்று. மாணவிகள் குழுவாக இரவு எட்டு மணிக்கு நடந்து ஒரு வரைபடம் போட்டால், எந்த நிறுவனத்தின் செயல்விளக்கமும் சொல்லாததை அது சொல்லும்.

தர்மபுரி_அப்பா

குற்றப் பதிவேடு விஷயம் இதுவரை கேள்விப்படாதது. நம் ஊரில் எந்தக் கல்லூரியாவது அப்படி வெளியிடுமா? சேர்க்கை குறைந்துவிடும் என்று மறைக்கத்தான் பார்ப்பார்கள். நான் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். எஸ்எம்எஸ் விஷயத்தில் என் மனம் இன்னும் மாறவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை குறுக்கு வழியில் ஓடுகிறேன் என்று எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. நேற்று மகளிடம் கேட்டேன், அவளும் அப்படித்தான் ஓடுகிறாளாம்.

கொங்குப்பேராசிரியை

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. என் வேலை புகார்க் குழு, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். யுஜிசியின் 2015 ஒழுங்குமுறைப்படி புகாருக்கு மூன்று மாதம் கெடு, விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். ஆனால் எங்களிடம் புகாரே வருவதில்லை. நிர்வாகம் இதைப் பெருமையாகச் சொல்கிறது. எனக்கு அது பயமாக இருக்கிறது. பெரிய குற்றம் செய்கிறவன் முதல் நாளே அதைச் செய்வதில்லை. சுவரில் உட்கார்ந்து கமென்ட் அடிப்பான், பின்தொடர்வான், படம் எடுப்பான். அப்போதே சொல்ல ஒரு வழி இருந்தால் நன்றாக இருக்கும். இதற்குத் தொழில்நுட்பம் ஏதாவது இருக்கிறதா?

அட்லாண்டா_தமிழன்

இருக்கிறது. இங்கே கலிஸ்டோ என்று ஒரு அமைப்பு 2015 முதல் செய்கிறது. நடந்ததைப் பாதிக்கப்பட்டவர் உடனே எழுதிப் பூட்டி வைக்கலாம், தேதியும் நேரமும் பதிவாகிவிடும். யாருக்கும் போகாது. செய்தவனின் அடையாளத்தையும் போட்டு வைக்கலாம். அதே ஆளைப் பற்றி இன்னொருவரும் எழுதினால் மட்டும் பூட்டு திறந்து அடுத்த உதவி தொடங்கும். தனியாகச் சொல்லத் தயங்குகிறவருக்கு, தான் மட்டும் இல்லை என்று தெரிவது எவ்வளவு பெரிய பலம்!

உங்கள் கல்லூரிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் பெயர் சொல்லாமல் "இந்த இடம், இந்த நேரம், இது நடந்தது" என்று பதிய ஓர் எளிய படிவம், அதைப் பார்க்கக் குழுவில் இருவருக்கு மட்டும் அனுமதி. ஒரே சந்தில் ஒரே நேரத்தில் ஐந்து பதிவு விழுந்தால் ரோந்தை அங்கே திருப்பலாம்.

மூன்றாமாண்டு_விடுதி

இது இருந்தால் நான் எழுதுவேன் மேம். என் தோழிகளும் எழுதுவார்கள். ஆனால் கல்லூரி மின்னஞ்சலில் நுழைந்துதான் நிரப்பணும் என்றால் ஒருத்தரும் எழுத மாட்டோம்.

அப்புறம், காவல்துறையின் "காவல் உதவி" செயலியும், 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி) எண்களும் இருக்கின்றன. முதலாமாண்டு வரவேற்பு நாளில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அக்காக்கள்தான் எங்கள் போனில் போட்டுக் கொடுத்தார்கள்.

வழக்காடி_மதுரை

மேடம், கேமரா வாங்குவதாக இருந்தால் சட்டப் பக்கம் ஒரு விஷயம். பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி தான் இது. இப்போது இரண்டு பகுதி: கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் இன்னொன்றில். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) அதில் எழுத வேண்டும். பல கல்லூரிகளில் "கருவிக்குப் பொறுப்பானவர்" யார் என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாரோ திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். மூலப் பதிவு அதற்குள் அழிந்திருக்கும். ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

முகமறிதல் வாங்கினால் உங்கள் மாணவர்கள் எல்லோருடைய முக அளவுகளும் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக அமலாகிறது. கசிந்தால் பொறுப்பு கல்லூரிக்கு. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

கேமராக்காரர்_ஈரோடு

வக்கீல் சார் சொன்ன "அழிந்திருக்கும்" என்பதற்குக் கணக்கு இதோ. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. முப்பது நாளுக்கு 648 ஜிபி. பதினாறு கேமராவுக்கு 10 டிபிக்கு மேல். ஆனால் கொட்டேஷனில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைத்தான் போட்டிருப்பார்கள். பன்னிரண்டு நாள் கூட வராது, பழையது தானாக அழிந்து அதன் மேல் புதியது எழுதப்படும். மூன்று மாதம் வரை புகார் கொடுக்கலாம் என்கிறீர்கள், பதிவு இரண்டு வாரம்கூட நிற்பதில்லை. புகார் வந்த அன்றே அந்த நேரத்துப் பதிவைத் தனியே எடுத்து வைக்கும் ஆளும் வழக்கமும் வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள் மேடம். இப்போது இருக்கிற என்விஆரை (கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டி) திறந்து, முப்பது நாளைக்கு முந்தைய இரவு எட்டு மணியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் ஓடுகிற மணியையும் உங்கள் போன் மணியையும் ஒப்பிடுங்கள். அட்மின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கொங்குப்பேராசிரியை

இன்று போய்ப் பார்த்தேன். முப்பது நாள் கேட்டேன், ஒன்பது நாள்தான் இருந்தது. திரையில் மணி பதினேழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. நூலகத்துப் பின்பக்கக் கேமராவில் இரவு எட்டு மணிக்கு வெள்ளைப் படலம் மட்டும்தான், நீங்கள் சொன்ன சிலந்தி வலையேதான். கடவுச்சொல் மாட்டிவிட்டுப் போன நிறுவனத்தாரிடம் இருக்கிறதாம், கல்லூரியில் யாருக்கும் தெரியாது. இதே நிறுவனம்தான் இப்போது முகமறிதலையும் விற்க வந்திருக்கிறது.

புதன்கிழமை கூட்டம். விளக்குகள், ஹார்ட் டிஸ்க், பராமரிப்பு ஆள், ரோந்து வில்லை, இரவில் எடுக்கப்படும் ஒரு கைபேசி எண், பெயர் கேட்காத படிவம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முகமறிதல் வேண்டாம் என்று தனிப் பத்தியாக எழுதுகிறேன். வியாழக்கிழமை இரவு மாணவிகளோடு வளாகத்தைச் சுற்றி நடக்கப் போகிறோம். விடுதி நேரம் பற்றியும் பேசுவேன், ஆனால் அது இந்த ஒரே கூட்டத்தில் முடியாது.

வழக்காடி_மதுரை

கடவுச்சொல் விஷயத்தைப் புதன்கிழமை வரை விடாதீர்கள். விடுதி வராண்டாவிலும் கேமரா இருந்தால் அந்தப் படங்களை வெளியில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாளைக்கே முதல்வரிடம் எழுத்தில் கொடுத்து, மாற்றியதும் யார் பெயரில் மாற்றினார்கள் என்று குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேமராக்காரர்_ஈரோடு

மாற்றத் தெரியவில்லை என்றால் என்விஆர் மாடல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் மேடம், படிப்படியாகச் சொல்லித் தருகிறேன். மாற்றும்போது வெளியிலிருந்து பார்க்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், பழைய பயனர் கணக்குகளையும் நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் அவர்கள் போனில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிற இணைப்பு சில மாடல்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.